புண்பட்ட மனமும் பறிபோன உரிமையும்

டாலிகஞ்ச் என்றால் வங்காளிகளுக்குச் சினிமா. நமக்குக் கோடம்பாக்கம் எப்படியோ அப்படி. தெற்குக் கொல்கத்தாவின் அந்தப் பகுதியில் 1930களில் வேரூன்றிய திரைத்தொழில் இன்றும் அதே பெயரால்தான் அழைக்கப்படுகிறது. தமிழ்ப் படங்களும் கல்கத்தா ஸ்டூடியோக்களுக்குப் போய் எடுக்கப்பட்ட காலம் அது, எம்.கே. தியாகராஜ பாகவதரின் 'அம்பிகாபதி' (1937) அப்படி உருவான படம். அந்தத் திரையுலகிலிருந்து 2019 பிப்ரவரி 15 அன்று அனிக் தத்தா இயக்கிய 'பொபிஷ்யதேர் பூத்' (எதிர்காலத்தின் பேய்) வெளியானது. பேய்களை வைத்துச் சமகால அரசியலைக் கிண்டல் செய்த படம். தணிக்கை வாரியம் முந்தைய நவம்பரிலேயே சான்றிதழ் தந்திருந்தது. ஆனால் படம் வெளியாவதற்கு நான்கு நாள் முன்னதாகக் கொல்கத்தா காவல்துறையின் உளவுப் பிரிவிலிருந்து தயாரிப்பாளருக்கு ஒரு கடிதம் வந்தது. படத்தின் உள்ளடக்கம் மக்கள் உணர்வைப் புண்படுத்திச் சட்டம் ஒழுங்கைக் கெடுக்கக்கூடும் என்று தகவல் வந்திருப்பதாகவும், அதிகாரிகளுக்கு முன்கூட்டியே போட்டுக்காட்ட வேண்டும் என்றும் அது கேட்டது. தயாரிப்பாளர் மறுத்தார். படம் வெளியான மறுநாளே பெரும்பாலான திரையரங்குகள் அதை எடுத்துவிட்டன. தடை ஆணை எதுவும் இல்லை. கையெழுத்திட்டவர் எவரும் இல்லை. வழக்கு உச்ச நீதிமன்றம் சென்றது. 2019 ஏப்ரல் 11 அன்று நீதிபதிகள் சந்திரசூட், ஹேமந்த் குப்தா அமர்வு 20 லட்சம் ரூபாய் இழப்பீடும் ஒரு லட்சம் ரூபாய் வழக்குச் செலவும் தர மேற்கு வங்க அரசுக்கு உத்தரவிட்டது. சுதந்திரமான சமூகத்தில் காவல்துறை தன்னைத்தானே ஒழுக்கக் காவலராக நியமித்துக்கொள்ள முடியாது என்பது தீர்ப்பின் சாரம்.

இந்த வழக்கில் விடை கிடைத்தது, கேள்வி மீந்திருக்கிறது. ஒரு படமோ நூலோ பொம்மையோ ஒருவர் மனத்தைப் புண்படுத்தும்போது அவரிடமிருந்து எது பறிபோகிறது? ஒன்றும் பறிபோகவில்லை என்றால் அரசு எதற்காகக் குறுக்கே வருகிறது? இந்தக் கேள்விக்கு அறநெறி வடிவில் மிகச் சுருக்கமான பதிலை எழுதிவைத்திருப்பவர்கள், யாரும் எதிர்பாராத ஓர் இடத்தில் இருக்கிறார்கள்: அமெரிக்காவின் நவீன சாத்தானியர்கள். அவர்களுடைய கொள்கையைக் கொண்டாடுவது இக்கட்டுரையின் நோக்கமன்று. அந்தக் கொள்கை போடும் எல்லைக்கோடு நம்முடைய சட்டம் போட்டிருக்கும் கோட்டைவிட நேர்மையானது, அது நமக்கு அந்நியமும் அல்ல என்பதே இங்கே வைக்கப்படும் வாதம்.

சாத்தானியம் என்றதும் நரபலி, நள்ளிரவுச் சடங்கு என்று கற்பனை ஓடும். இன்று அந்தப் பெயரில் வெளிப்படையாக இயங்கும் அமைப்புகள் வேறு ரகம். 1966இல் சான்பிரான்சிஸ்கோவில் ஆன்டன் லாவே தொடங்கிய 'சாத்தான் சபை' முதலாவது. லாவேயின் சாத்தான் ஒரு குறியீடு: தன்னல இன்பத்தின், பழிக்குப் பழியின், வலியவன் வெல்லும் உலகின் குறியீடு. 2010களின் தொடக்கத்தில் லூசியன் கிரீவ்ஸ், மால்கம் ஜாரி என்ற புனைபெயர்களில் இயங்கும் இருவர் தொடங்கிய 'சாத்தானியக் கோயில்' இரண்டாவது. மாசசூசெட்ஸ் மாநிலத்தின் சேலம் நகரில் இதன் தலைமையிடம் இருக்கிறது. 2019இல் அமெரிக்க வருவாய்த் துறை இதை வரிவிலக்குப் பெற்ற மத அமைப்பாக ஏற்றது. இவர்கள் கடவுளையும் நம்புவதில்லை, சாத்தானையும் நம்புவதில்லை. அதிகாரத்துக்குப் பணியாத கலகக்காரனின் இலக்கிய உருவமாக மட்டுமே சாத்தானை எடுத்துக்கொள்கிறார்கள். இவர்களுக்கு ஏழு நெறிகள் உண்டு. எல்லா உயிர்களிடத்தும் பகுத்தறிவுக்கு உட்பட்ட பரிவு, சட்டங்களுக்கும் மேலான நீதிக்கான போராட்டம், உடல்மீது அவரவர்க்கே உரிமை, அறிவியலுக்கு இசைந்த நம்பிக்கை, தவறினால் திருத்திக்கொள்ளும் கடமை ஆகியவை அவற்றுள் அடங்கும். நம் கேள்விக்கு வேண்டியது நான்காம் நெறி. அது இரண்டு பகுதிகள் கொண்டது. மற்றவர்களின் சுதந்திரங்களை மதிக்க வேண்டும், புண்படுத்தும் சுதந்திரமும் அதில் சேரும் என்பது முதல் பகுதி. வேண்டுமென்றே, நியாயமின்றிப் பிறர் சுதந்திரத்தில் கைவைப்பவர் தம் சுதந்திரத்தை இழக்கிறார் என்பது இரண்டாம் பகுதி.

இந்த நெறியின் அமைப்பைக் கவனிக்க வேண்டும். 'நான் உன்னைப் புண்படுத்தலாம்' என்று அது தொடங்கவில்லை; 'நீ என்னைப் புண்படுத்தலாம்' என்று தொடங்குகிறது. உரிமை முதலில் எதிராளிக்குத் தரப்படுகிறது. இதுதான் வெறும் வசைபாடும் உரிமையிலிருந்து அதைப் பிரிக்கிறது. அடுத்து, குற்றத்தின் அளவுகோலை அது மனத்திலிருந்து எடுத்து உரிமையில் வைக்கிறது. கேட்டவருக்கு வலித்ததா என்பது கேள்வியல்ல. கேட்டவரின் சுதந்திரம் எதிலாவது குறைந்ததா என்பதே கேள்வி. வலியைக் கேட்பவர் மட்டுமே அறிவார். அதை எவரும் அளக்க முடியாது, மறுக்கவும் முடியாது. உரிமை பறிபோனதா என்பதை வெளியிலிருந்து பார்த்துச் சொல்லிவிட முடியும். நீதிமன்றத்துக்கு ஏற்ற அளவுகோல் இரண்டாவதுதான்.

இது மேற்கிலிருந்து இறக்குமதியான சிந்தனை என்று ஒதுக்குவதற்கு முன் கல்கத்தாவின் இலக்கிய வரலாற்றைச் சற்றுப் புரட்டலாம். நவீன சாத்தானியரின் சாத்தான் விவிலியத்திலிருந்து நேராக வந்தவன் அல்லன். மில்டனின் 'இழந்த சொர்க்கம்' படைத்த கம்பீரமான தோல்வியாளனை பிளேக், பைரன், ஷெல்லி போன்ற கவிகள் நாயகனாகப் பார்த்தார்கள். அந்த வழியில் வந்தவன். அதே மில்டனைக் கல்கத்தாவின் இந்துக் கல்லூரியில் பயின்ற ஒருவர் கரைத்துக் குடித்தார். அவர் மைக்கேல் மதுசூதன் தத்தர். 1848 முதல் 1856 வரை சென்னையில் ஆசிரியராகவும் பத்திரிகையாளராகவும் வாழ்ந்தவர். 'சிறைப்பட்ட சீமாட்டி' என்ற ஆங்கிலக் காவியத்தைச் சென்னையில்தான் வெளியிட்டார். வங்காளம் திரும்பியபின் 1861இல் அவர் எழுதிய 'மேகநாதவத காவியம்' இராவணனையும் அவன் மகனையும் உயர்த்திப் பிடித்தது. இராமன் கூட்டத்தைவிட இராவணனே தம் கற்பனையைத் தூண்டுகிறான் என்று நண்பர் ராஜ்நாராயண் பாசுவுக்குக் கடிதத்தில் எழுதவும் அவர் தயங்கவில்லை. மில்டனின் சாத்தானிடமிருந்து ஐரோப்பாவில் ஒரு கிளை பிரிந்து சாத்தானியக் கோயிலை அடைந்தது என்றால், இன்னொரு கிளை வங்காளத்தில் இராவணனை அடைந்தது. வங்காளம் அந்தக் காவியத்தை எரிக்கவில்லை; தன் நவீனக் கவிதையின் தொடக்கமாக ஏற்றுப் பாடப்புத்தகத்தில் வைத்தது.

தமிழ்நாட்டில் இராவணனின் பாதை கரடுமுரடானது. புலவர் குழந்தையின் 'இராவண காவியம்' 1946இல் வந்தது. 1948இல் சென்னை மாகாண அரசு அதைத் தடை செய்தது. 1971இல்தான் தடை நீங்கியது. பெரியாரின் இராமாயண விமர்சனத்தின் இந்தி மொழிபெயர்ப்பை லலாய் சிங் யாதவ் வெளியிட்டபோது உத்தரப் பிரதேச அரசு 1969இல் பறிமுதல் செய்தது. அலகாபாத் உயர் நீதிமன்றம் அந்த ஆணையை ரத்து செய்ய, அரசு மேல்முறையீடு போனது. 1976இல் நீதிபதி கிருஷ்ணய்யர் உள்ளிட்ட அமர்வு அரசின் முறையீட்டைத் தள்ளியது. பறிமுதல் செய்யும் அரசு அதற்கான காரணத்தை ஆணையிலேயே சொல்ல வேண்டும், வெறுமே புண்படுத்துகிறது என்றால் போதாது என்றது தீர்ப்பு. ஆக, பணியாதவனை நாயகனாக்கும் கலை, அதைத் தடுக்கும் அரசு, தடையைக் கேள்வி கேட்கும் நீதிமன்றம் என்ற மூன்றும் இங்கே நெடுங்காலமாக உண்டு. தெளிவாக வகுக்கப்படாமல் கிடப்பது எல்லைக்கோடு ஒன்றுதான்.

அந்தக் கோடு எங்கே விழ வேண்டும் என்பதைச் சில நிகழ்ச்சிகளை அருகருகே வைத்துப் பார்த்தால் புலப்படும். 1831இல் கல்கத்தா இந்துக் கல்லூரி நிர்வாகம் ஹென்றி டெரோசியோ என்ற 22 வயது ஆசிரியரை விலகச் செய்தது. மாணவர்களை நாத்திகத்துக்குத் திருப்புகிறார் என்பது புகார். 'இளம் வங்காளம்' எனப்பட்ட அவருடைய மாணவர் வட்டம் மாட்டிறைச்சி உண்பதைக் கலகச் செயலாகவே செய்தது. அவ்வாண்டு ஆகஸ்டில் அவர்களுள் ஒருவரான கிருஷ்ணமோகன் பானர்ஜி வீட்டில் இல்லாதபோது அங்கே கூடிய நண்பர்கள் இறைச்சி உண்டதோடு நிற்காமல் எலும்பைப் பக்கத்துப் பிராமணர் வீட்டுக்குள் எறிந்தார்கள். தெரு கொதித்தது, கிருஷ்ணமோகன் வீட்டைவிட்டு வெளியேற்றப்பட்டார். உண்டதும் எறிந்ததும் ஒரே மாலையில் நடந்தவை; இரண்டுமே அக்கம்பக்கத்தாரைப் புண்படுத்தியவை. புண்பட்ட மனத்தை அளவுகோலாகக் கொண்டால் இரண்டும் ஒரே குற்றம். உரிமையை அளவுகோலாகக் கொண்டால் முதலாவது அவர்கள் சுதந்திரம், இரண்டாவது அண்டை வீட்டாரின் சுதந்திரத்தின்மீது விழுந்த அடி. நான்காம் நெறியின் இரு பகுதிகளும் இந்த ஒரு சம்பவத்திலேயே அடங்கிவிடுகின்றன.

நூற்றிருபது ஆண்டு கழித்துத் திருச்சியில் இதே கேள்வி எழுந்தது. 1953 மே மாதம் பெரியார் முன்னறிவிப்புச் செய்துவிட்டு நகர மன்ற மைதானத்தில் மண் பிள்ளையார் சிலையை உடைத்தார். உடைத்தது அவர் தரப்பு கொண்டுவந்த பொம்மை. எந்தக் கோயிலுக்குள்ளும் அவர் நுழையவில்லை, எவர் வீட்டுப் பூசையறையையும் தொடவில்லை. வீரபத்திரன் செட்டியார் தொடுத்த வழக்கைக் கீழ் நீதிமன்றங்களும் சென்னை உயர் நீதிமன்றமும் தள்ளின. வழிபாட்டில் இல்லாத பொம்மை புனிதப் பொருளாகாது என்பது அவற்றின் கருத்து. 1958இல் உச்ச நீதிமன்றம் அந்த விளக்கம் தவறு என்றது. ஒரு வகுப்பினர் புனிதமாகக் கருதும் எந்தப் பொருளும், புனிதப் பொருளைச் சேதப்படுத்துவதைத் தண்டிக்கும் சட்டப் பிரிவுக்குள் வரலாம், நீதிமன்றங்கள் வெவ்வேறு மதத்தினரின் உணர்வுகளைக் கருத்தில் கொள்ள வேண்டும் என்றது. காலம் கடந்துவிட்டதால் வழக்கை மீண்டும் விசாரிக்கச் சொல்லவில்லை. பெரியார் தண்டனை பெறவில்லை; ஆனால் அளவுகோல் மாறிப்போனது. யாருடைய பொம்மை என்ற கேள்வி பின்னுக்குப் போய், யாருடைய மனம் என்ற கேள்வி முன்னுக்கு வந்தது.

இதற்கு நேர் எதிரான காட்சி 2023 டிசம்பரில் அமெரிக்காவின் அயோவா மாநிலச் சட்டமன்றக் கட்டடத்தில் நடந்தது. எல்லா மதத்தாரும் காட்சிப் பொருள் வைக்கலாம் என்றிருந்த அந்தக் கூடத்தில் சாத்தானியக் கோயிலும் ஆட்டுத்தலை உருவம் ஒன்றை வைத்தது. அது முற்றிலும் ஆட்சேபத்துக்குரியது என்று ஆளுநர் கிம் ரெனால்ட்ஸ் சொன்னார். அத்தோடு, பிடிக்காத பேச்சுக்குப் பதில் இன்னும் அதிகப் பேச்சுதான் என்றும் சொல்லி, மக்களை இயேசு பிறப்புக் காட்சியைக் காண அழைத்தார். வேறொரு மாநிலத்திலிருந்து வந்த ஒருவர் அந்த உருவத்தின் தலையைத் துண்டித்தார். பின்னர் குற்றத்தை ஒப்புக்கொண்டார். பெரியார் தம்முடைய பொம்மையை உடைத்தார், இவர் பிறருடையதை உடைத்தார். முன்னதில் கருத்து தாக்கப்பட்டது, பின்னதில் இன்னொருவர் பேச்சு அழிக்கப்பட்டது. நம் நாட்டிலும் 2018 மார்ச்சில் திரிபுராவில் லெனின் சிலை வீழ்த்தப்பட்ட சூட்டோடு திருப்பத்தூரில் பெரியார் சிலை சேதப்படுத்தப்பட்டது. அதற்கு மறுநாள் டாலிகஞ்சுக்கு வடக்கே கேவராதலாவில் சியாமா பிரசாத் முகர்ஜியின் மார்பளவுச் சிலையை இடதுசாரிக் குழு ஒன்று சிதைத்தது. கொள்கை எதுவானாலும் இவை ஒரே வகைச் செயல்கள். புண்படுத்தும் சுதந்திரத்தைக் கோருகிறவர் பெரியார் சிலைக்கு நேர்ந்ததைக் கண்டித்துவிட்டு முகர்ஜி சிலைக்கு நேர்ந்ததை நியாயப்படுத்த முடியாது.

நம் சட்டம் இந்த வேறுபாட்டை ஏன் கைவிட்டது என்பதற்கு ஒரு வரலாறு இருக்கிறது. 1920களில் லாகூரில் ராஜ்பால் என்ற பதிப்பாளர் நபிகளை இழிவுசெய்யும் ஒரு குறுநூலை வெளியிட்டார். 1927இல் லாகூர் உயர் நீதிமன்றம், அன்றிருந்த சட்டப் பிரிவு இதற்குப் பொருந்தாது என்று அவரை விடுவித்தது. கொந்தளிப்பை அடக்க அதே ஆண்டில் இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 295அ பிரிவு சேர்க்கப்பட்டது. வேண்டுமென்றே, கெட்ட எண்ணத்துடன் ஒரு வகுப்பினரின் மத உணர்வைச் சீண்டும் நோக்கில் மதத்தை அவமதிப்பது குற்றமாயிற்று. சட்டம் வந்தும் ராஜ்பால் 1929இல் குத்திக் கொல்லப்பட்டார். 1957இல் உச்ச நீதிமன்றம் இந்தப் பிரிவு செல்லும் என்றது. கெட்ட எண்ணம் நிரூபிக்கப்பட வேண்டும் என்ற நிபந்தனையே அதற்குக் கடிவாளம் என்று நம்பியது. 2024 ஜூலை முதல் இதுவே புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 299ஆம் பிரிவு. எண் மாறியது, அளவுகோல் மாறவில்லை. நடைமுறையில் அந்தக் கடிவாளம் தீர்ப்பு நாளில்தான் இழுக்கப்படுகிறது. புகார், முதல் தகவல் அறிக்கை, கைது, ஊர் ஊராக வழக்கு எல்லாம் அதற்கு முன்பே நடந்து முடிகின்றன. புண்பட்டேன் என்று சொல்லப் புண்பட்டவர் ஒருவரே போதும். புண்படுத்தவில்லை என்று நிரூபிக்கப் பல ஆண்டுகள் தேவைப்படுகின்றன.

அளவுகோல் மனமாக இருக்கும்போது யார் வெல்கிறார்கள் என்பதற்குக் கொல்கத்தா ஒரு பட்டியலையே தருகிறது. 2003 நவம்பரில் இடது முன்னணி அரசு வங்கதேச எழுத்தாளர் தஸ்லிமா நஸ்ரினின் தன்வரலாற்று நூலான 'த்விகண்டிதா'வைத் தடை செய்தது. 2005இல் கல்கத்தா உயர் நீதிமன்றம் தடையை ரத்து செய்தது. நூல் தப்பியது, நூலாசிரியர் தப்பவில்லை: 2007 நவம்பரில் நகரில் கலவரம் வெடித்து ராணுவம் இறங்கியதும் தஸ்லிமா கொல்கத்தாவிலிருந்து அப்புறப்படுத்தப்பட்டார். 2009 பிப்ரவரியில், மதங்களை ஏன் மதிக்க வேண்டும் என்று கேட்ட ஓர் ஆங்கிலக் கட்டுரையை மறுபதிப்புச் செய்ததற்காக 'தி ஸ்டேட்ஸ்மன்' நாளிதழின் ஆசிரியரும் வெளியீட்டாளரும் கைதானார்கள். ஆட்சி மாறியது. 2012 ஏப்ரலில் ஜாதவ்பூர் பல்கலைக்கழக வேதியியல் பேராசிரியர் அம்பிகேஷ் மகாபாத்ரா, முதல்வரைக் கேலிசெய்த கார்ட்டூன் ஒன்றை மின்னஞ்சலில் அனுப்பியதற்காகக் கைது செய்யப்பட்டார். அவர்மீது பாய்ந்த தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66அ பிரிவை, புண்படுத்தும் செய்தி என்ற சொல்லுக்கு எல்லையே இல்லை என்பது உள்ளிட்ட காரணங்களால் உச்ச நீதிமன்றம் 2015 மார்ச்சில் ரத்து செய்தது. செத்துப்போன அந்தப் பிரிவின் வழக்கிலிருந்து அவர் விடுபட்டது 2023 ஜனவரியில். 2013 டிசம்பரில் தஸ்லிமா எழுதிய தொலைக்காட்சித் தொடர் ஒளிபரப்புக்கு முன்பே நிறுத்தப்பட்டது. இப்பட்டியலில் மார்க்சியர் ஆட்சியும் உண்டு, திரிணாமூல் ஆட்சியும் உண்டு. முஸ்லிம் மதவாதிகளின் கோபமும் உண்டு, ஒரு முதல்வரின் கோபமும் உண்டு. தெருவை நிறுத்த வலுவுள்ள கூட்டத்தின் மனமும் காவல் நிலையத்தை இயக்க வலுவுள்ள ஆட்சியாளரின் மனமும்தான் புண்பட்டதாகக் கணக்கில் ஏறின. ஒரு பேராசிரியரின் மனமும் நாடு கடந்துவந்த பெண்ணின் மனமும் புண்பட்டதற்கு எந்தப் பிரிவிலும் வழக்குப் பதிவாகவில்லை. மனத்தை அளக்கும் சட்டம், கடைசியில் வலிமையைத்தான் அளக்கிறது.

இதற்கு எதிரான வாதங்களில் முதலாவதும் கனமானதும் கலவரம் பற்றியது. அமெரிக்காவில் ஆட்டுத்தலை உருவம் வைத்தால் ஓர் உருவத்தின் தலைதான் போகும். இங்கே மனிதத் தலை போகும் என்பார்கள். பிரிவினையின்போது ரத்தம் பார்த்த கல்கத்தாவில் இது கற்பனை அச்சமன்று. ஆனால் இந்த வாதத்தை ஏற்றால் என்ன ஆகும் என்பதை ஒரு தமிழ்ப் படம் தொடர்பான வழக்கு எப்போதோ சொல்லிவிட்டது. இட ஒதுக்கீட்டு முறையை விமர்சித்த 'ஒரே ஒரு கிராமத்திலே' படத்தின் சான்றிதழைச் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தபோது, போராட்டம் வெடிக்கும் என்பது முக்கியக் காரணமாகச் சொல்லப்பட்டது. 1989இல் உச்ச நீதிமன்றம் அதை மாற்றியது. ஆர்ப்பாட்டம், வன்முறை என்ற மிரட்டலுக்குப் பணிந்து பேச்சை அடக்குவது சட்டத்தின் ஆட்சியைக் கைவிடுவதாகும் என்றும், வெடிமருந்துக் கிடங்கில் விழும் தீப்பொறிபோல ஆபத்து உடனடியானதாக இருந்தால்தான் தடை நியாயம் என்றும் விளக்கியது. டாலிகஞ்ச் படத்துக்காக 2019இல் தீர்ப்பு எழுதிய நீதிபதிகள் நாடியதும் இந்தத் தமிழ்ப் பட வழக்கைத்தான். அந்தப் படத்தின் கருத்தோடு உடன்படாதவர்களும் (சமூகநீதியில் பற்றுள்ளவர்கள் உடன்பட மாட்டார்கள்) அது காட்டிய உரிமையால் பயனடைந்தார்கள். கலவரம் செய்பவரை விட்டுவிட்டுப் பேசியவரைப் பிடித்தால், அடுத்த முறை கலவரம் பெரிதாகும். ஏனென்றால் அது பலன் தரும் என்று காட்டியாகிவிட்டது.

இரண்டாவது எதிர்ப்பு இன்னும் ஆழமானது. புண்படுத்தும் உரிமை என்பது வசதியுள்ளவரின் விளையாட்டு. அதைத் திறந்துவிட்டால் சாதிப் பெயர் சொல்லித் திட்டுவதும் சிறுபான்மையினரை இழிவுபடுத்துவதும் உரிமையாகிவிடும் என்பது அந்த எதிர்ப்பு. நான்காம் நெறியின் முதல் பகுதியை மட்டும் எடுத்துக்கொள்பவர்களிடம் இதற்குப் பதில் இல்லை. இரண்டாம் பகுதியில் இருக்கிறது. 1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம், பட்டியல் சாதியினரையோ பழங்குடியினரையோ பொதுப்பார்வையில் இழிவுபடுத்தும் நோக்குடன் அவமதிப்பதைத் தண்டிக்கிறது. அது மனவலிக்கான தண்டனை என்று படித்தால் பிழை. சாதி வசை என்பது தெருவில் நடக்காதே, கிணற்றைத் தொடாதே, சம ஆசனம் கேட்காதே என்ற கட்டளையின் சுருக்க வடிவம். அதன் பின்னால் கையோங்கும் கூட்டம் நிற்கிறது. அது ஒருவரின் சமத்துவத்தைப் பிடுங்குகிறது. ஆகவே உரிமை மீறல். சட்ட அறிஞர் ஜெரமி வால்ட்ரன் 2012இல் வெளியிட்ட வெறுப்புப் பேச்சு குறித்த நூலில் இதே வேறுபாட்டைத்தான் வலியுறுத்துகிறார்: மனம் புண்படாமல் காப்பது சட்டத்தின் வேலையல்ல, சமூகத்தில் சமமாக நிற்கும் கண்ணியத்தைக் காப்பதே வேலை. கடவுளைத் திட்டினால் பக்தர் ஒருவரின் வாக்குரிமையோ வீடோ வேலையோ நடைபாதையோ சுருங்குவதில்லை. மனிதரைச் சாதி சொல்லித் திட்டினால் சுருங்குகிறது. நம்பிக்கை விமர்சனத்துக்கு உட்பட்டது, நம்புகிற மனிதர் தாக்குதலுக்கு உட்பட்டவர் அல்லர். இரண்டையும் 'உணர்வு' என்ற ஒரே சாக்கில் போட்டுக் கட்டியதுதான் நம் சட்டம் செய்த பிழை. அதனால் லாபம் அடைந்தவர்கள் ஒடுக்கப்பட்டவர்கள் அல்லர்.

மூன்றாவது எதிர்ப்பு மரபிலிருந்து வருகிறது. பக்தன் தெய்வத்தைத் திட்டலாம், அந்நியன் திட்டக்கூடாது என்பார்கள். சுந்தரர் சிவனிடம் சண்டை போட்டு வன்தொண்டர் ஆனார். காளமேகம் நிந்தாஸ்துதி பாடினார். பதினெட்டாம் நூற்றாண்டு வங்காளத்தில் ராம்பிரசாத் சென் காளியைக் குழந்தை தாயைத் திட்டுவதுபோலத் திட்டிப் பாடினார். இவையெல்லாம் அன்பின் உரிமை, அந்நியருக்கு அது கிடையாது என்பது வாதம். அழகான வாதம்தான். ஆனால் யார் உள்ளே இருப்பவர், யார் வெளியே இருப்பவர் என்று சீட்டுக் கொடுப்பது யார்? 2022 ஜூலையில் லீனா மணிமேகலை தம் 'காளி' படத்தின் சுவரொட்டியை வெளியிட்டார். காளி வேடமிட்ட பெண் புகைபிடிக்கும் படம் அது. தென்தமிழ்நாட்டுக் கிராமத்தில் பிறந்த அவர், தம் காளி அன்பின் வடிவம் என்றுதான் வாதிட்டார். பல மாநிலங்களில் வழக்குகள் பாய்ந்தன. டொரண்டோவின் ஆகா கான் அருங்காட்சியகம் வருத்தம் தெரிவித்துப் படத்தை நீக்கியது. வங்காளத்து எம்.பி. மஹுவா மொய்த்ரா தமக்குக் காளி இறைச்சியும் மதுவும் ஏற்கும் தெய்வம் என்று சொன்னபோது அவருடைய கட்சியே விலகி நின்றது. 2023இல் உச்ச நீதிமன்றம் லீனாவுக்குக் கைதிலிருந்து பாதுகாப்பு தந்து வழக்குகளை டெல்லிக்கு ஒன்றாக மாற்றியது. டாலிகஞ்சுக்குப் பக்கத்திலேயே, ஆதி கங்கைக் கரையில் காளிகாட் கோயில் இருக்கிறது. ஆட்டுப் பலி அங்கே அன்றாட வழிபாட்டின் பகுதி. சைவ உணவே புனிதம் என்று நினைக்கும் பக்தர் ஒருவரை அந்த வழிபாடே புண்படுத்தக்கூடும். மனம் அளவுகோலானால் நாளை ஒரு பக்தரின் சடங்கு இன்னொரு பக்தருக்கு எதிரான குற்றமாகும். புண்படுத்தும் சுதந்திரம் நாத்திகருக்கு மட்டும் வேண்டியதல்ல. சிறுபான்மை வழிபாட்டு முறை எதுவும் பிழைத்திருக்க அது தேவை.

நான்காவதாக, சாத்தானியர்களையே நோக்கி ஒரு கேள்வி எழும். புண்படுத்தும் உரிமை பேசுகிறவர்கள் தங்கள்மீது விமர்சனம் வந்தால் என்ன செய்கிறார்கள்? சாத்தானியக் கோயில் 2020இல் பிரிந்துபோன உறுப்பினர்கள்மீது, முகநூல் பக்கங்களைக் கைப்பற்றியதாகவும் அவதூறு செய்ததாகவும் வழக்குத் தொடர்ந்தது. 2022இல் 'நியூஸ்வீக்' இதழ்மீது அவதூறு வழக்குத் தொடர்ந்தது. பொய்யான தகவலால் பெயர் கெடுவதும் மனம் புண்படுவதும் ஒன்றல்ல என்று அவர்கள் வாதிடலாம். கொள்கையளவில் அது சரியும்கூட. ஆனாலும் செல்வாக்குள்ள அமைப்பு தன் விமர்சகர்களை நீதிமன்றப் படியேற்றுவது அதன் சொந்த நெறிக்கு அழகு சேர்க்கவில்லை. மறுபுறம் ஒக்லஹாமாவில் அவர்கள் நடந்துகொண்ட விதம் நெறியோடு பொருந்தியது. மாநிலச் சட்டமன்ற வளாகத்தில் பத்துக் கட்டளைக் கல் நிறுவப்பட்டதும், அப்படியானால் எங்கள் சிலையும் அருகில் நிற்கட்டும் என்று கேட்டார்கள். 2015இல் மாநில உச்ச நீதிமன்றத் தீர்ப்பால் கல் அகற்றப்பட்டபோது தங்கள் கோரிக்கையையும் விட்டுவிட்டார்கள். எல்லோருக்கும் இடம், அல்லது எவருக்கும் தனியிடமில்லை என்பதே கோரிக்கை. லாவேயின் பழைய சாத்தானியத்தில் இந்தச் சமநிலை கிடையாது. வலியவனை வாழ்த்தும் தத்துவம் எளியவரின் சுதந்திரத்தைக் காக்காது. ஆகவே சாத்தான் என்ற பெயரில் எந்த மகிமையும் இல்லை. சீண்டுவதையே இலக்காகக் கொண்ட கலை பெரும்பாலும் சிறிய கலை. அப்படிச் சொல்லும் உரிமையும் இதே சுதந்திரத்தில் அடக்கம். உரிமை உண்டா என்பது ஒரு கேள்வி, செய்தது நல்லதா என்பது இன்னொரு கேள்வி. முன்னதற்கு நீதிமன்றம் பதில் சொல்லட்டும், பின்னதற்கு விமர்சகர்கள் சொல்லட்டும்.

சட்டத்தில் செய்ய வேண்டியவை தெளிவாகவே இருக்கின்றன. 299ஆம் பிரிவு நீக்கப்பட வேண்டும். வன்முறைக்குத் தூண்டுதல், மனிதரின் சமநிலையைக் குலைக்கும் வெறுப்புப் பேச்சு, வழிபாட்டிடத்தைச் சேதப்படுத்துதல் ஆகியவற்றைத் தண்டிக்க வேறு பிரிவுகள் இருக்கின்றன. நீக்கும் துணிவு நாடாளுமன்றத்துக்கு வரும்வரை, கெட்ட எண்ணம் இருந்ததற்கான முதல்நிலைச் சான்று இல்லாமல் வழக்குப் பதிவதில்லை என்ற கட்டுப்பாடாவது வேண்டும். சான்றிதழ் பெற்ற படத்தைத் தனியே போட்டுக்காட்டச் சொல்லும் அதிகாரி சொந்தப் பொறுப்பில் பதில் சொல்ல வேண்டும். இழப்பீடு மக்களின் வரிப்பணத்திலிருந்து போகும்வரை அத்தகைய கடிதங்கள் நிற்கப்போவதில்லை. சட்டத்துக்கு வெளியே நம் ஒவ்வொருவருக்கும் ஒரு வேலை இருக்கிறது. அடுத்த முறை ஒரு நூலையோ படத்தையோ தடை செய்யச் சொல்லும் கோரிக்கையில் கையெழுத்துக் கேட்டு யாராவது வந்தால், யார் மனம் புண்பட்டது என்று கேட்க வேண்டாம். அதற்குப் பதில் எப்போதும் தயாராக இருக்கும். யாருடைய எந்த உரிமை பறிபோனது என்று கேளுங்கள். திருத்தமான பதில் வராவிட்டால் கையெழுத்துப் போடாதீர்கள், அந்தப் படைப்பு உங்களையே புண்படுத்தியிருந்தாலும்.